காவலனின் நினைவு: தீச்சுவர் மென்பொருளும் சேவை மறுப்புத் தாக்குதல்களும் - ஒரு வரலாற்று நோக்கு

தீச்சுவர் என்னுஞ் சொல் கணனியியலாரின் கைக்கு வருமுன்னரே கட்டடக் கலையாருக்கு உரியதாயிருந்தது. நெருங்கியமைந்த இரு கட்டடங்களுள் ஒன்றிலே பற்றிய தீ மற்றையதற்குப் பரவாவண்ணம் இடையே எழுப்பப்படும் சுவரையே அச்சொல் குறித்தது. அச்சுவர் யாதொரு தொழிலும் புரிவதில்லை; நிற்றலொன்றே அதன் பணி. ஆதலின் அதனைக் களைப்படையச் செய்தல் எவர்க்கும் இயலாது. 1980களின் இறுதியிலே கணனி வலையமைப்புகளின் வாயிலில் வைக்கப்பெற்ற காப்புச் சாதனத்துக்கு இச்சொல் மாற்றி வழங்கப்பட்டபோது, சொல்லோடு ஒரு மயக்கமும் உடன்வந்தது. புதிய தீச்சுவர் சுவரன்று; அது வாயிற்காவலன். வருவோரையும் போவோரையும் நிறுத்தி, நோக்கி, முடிவு கூறி, ஏட்டிலே குறித்துவைக்கும் வேலையாள். வேலை செய்வது எதுவாயினும் அதற்குக் களைப்பும் உண்டு. அக்களைப்பினையே கருவியாகக் கொண்ட தாக்குதல்களையும் அவற்றைத் தணிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளையும் வரலாற்றடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேவை மறுப்புத் தாக்குதல் என்பது யாது என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். களவும் ஊடுருவலும் இதன் இலக்கல்ல. உரியவர்க்கு உரிய சேவை கிட்டாமற் செய்வதே இதன் இலக்கு. ஒரு தபாற்கந்தோரின் கருமபீடத்திலே நூறு பேர் வரிசையாக நின்று, முறை வந்ததும் ஒன்றும் வாங்காது மீண்டும் வரிசையின் கடைசிக்குச் செல்வார்களாயின், தபாலதிபரின் பெட்டியிலிருந்து ஒரு சதமும் களவு போவதில்லை; ஆயினும் அன்று எவர்க்கும் முத்திரை கிடையாது. பெரும்பாலும் இத்தாக்குதல்கள் சேவையகங்களைப் பற்றியனவாகவே பேசப்படுகின்றன. அவற்றைக் காக்கும் தீச்சுவர் தானே இலக்காகும் நிலையையே நாம் ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். காவலன் வீழ்ந்தால் அவன் காத்த வீடு முழுவதும் வெளியுலகினின்றும் துண்டிக்கப்படுகின்றதாகையால், இது தனியே ஆராயத்தக்க பொருளாகின்றது. (எமது நாட்டிலே தீச்சுவர் என வழங்கும் இதனைத் தமிழ்நாட்டார் தீயரண் என வழங்குவதுமுண்டு. சுவரினும் அரண் என்ற சொல்லே பொருத்தமானதோ என நாம் ஐயுறுவதுண்டு. அரணுக்குக் காவலரும் உணவும் வேண்டும், முற்றுகையும் உண்டு.)

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் ரொபேட் மொறிஸ் என்னும் மாணவர் வெளிவிட்ட புழு அக்கால இணையத்தின் ஆயிரக்கணக்கான கணனிகளை முடக்கியமை, வலையமைப்புகளுக்கு வாயிற்காவல் வேண்டும் என்ற எண்ணத்தை வலுப்படுத்திற்று. சேட் எனப்படும் கணனி அவசர நிலைக் குழு அமெரிக்காவில் நிறுவப்பட்டதும் அந்நிகழ்வை அடுத்தேயாகும். அடுத்த ஆண்டிலே இரு செய்திகள் குறிப்பிடத்தக்கன. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பெலோவின், இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளான ரீ.சீ.பீ., ஐ.பீ. ஆகியவற்றின் பாதுகாப்புக் குறைபாடுகளை ஒரு கட்டுரையில் தொகுத்துரைத்தார். டிஜிற்றல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகல், நுழைவாயிற் கணனியிலே பொதிகளை வடிகட்டும் முறையொன்றை விளக்கினார்.

இம்முதற்றலைமுறைக் காவலர் நினைவற்றவர். ஒவ்வொரு பொதியும் தனித்தனியே நோக்கப்பட்டது. எம்முகவரியிலிருந்து வருகின்றது, எம்முகவரிக்குச் செல்கின்றது, எவ்வாயிலைக் கேட்கின்றது என்பனவே வினாக்கள். விதிக்குப் பொருந்தின் உள்ளே விடப்பட்டது, இன்றேல் எறியப்பட்டது. ஒரு கணத்துக்கு முன் யார் வந்தார் என்பது அக்காவலனுக்குத் தெரியாது. இதனால் அவன் எளிதில் ஏமாற்றப்பட்டான்: உள்ளிருந்து கேட்ட வினாவுக்குரிய விடை போல வேடமிட்டு வந்த பொதியை உண்மை விடையினின்றும் பிரித்தறிய அவனால் இயலவில்லை. இக்குறையை நீக்கவே நினைவுடைய தீச்சுவர் தோன்றியது. 1993இல் நிறுவப்பட்ட செக் பொயின்ற் என்னும் இஸ்ரேலிய நிறுவனம் 1994இல் வெளியிட்ட ஃபயர்வோல்-1 இவ்வகையிற் பெரும் புகழ் ஈட்டியது. அது ஒவ்வொரு தொடுப்பையும் ஒரு நிலை அட்டவணையிற் குறித்துவைத்தது. பின்வரும் பொதிகளை அவ்வட்டவணையோடு ஒப்பிட்டது. காவலன் அறிவுபெற்றான். அவ்வறிவுக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்விடமோ எல்லையுடையது. பின்வந்த கால் நூற்றாண்டின் இடர்கள் பலவற்றை நோக்குமிடத்து, இந்த ஒரு மாற்றத்தையே அவற்றின் ஊற்றாகக் கொள்ளவேண்டியுள்ளது.

எல்லையுடைய இடத்தை நிரப்புதல் எத்துணை எளிது என்பதை உலகம் முதலிற் கண்டது தீச்சுவரில் அன்று, சேவையகத்திலேயாகும். ரீ.சீ.பீ. நெறிமுறைப்படி இரு கணனிகள் உரையாடத் தொடங்குமுன் மும்முறை செய்தி மாறவேண்டும். வருபவர் 'சின்' எனப்படும் வேண்டுகோட் பொதியை அனுப்புவார். சேவையகம் அதனை ஏற்றுத் தன் இசைவை அனுப்பிவிட்டு, வருபவரின் இறுதி உறுதிப்பாட்டுக்காகக் காத்திருக்கும். காத்திருக்கும் அவ்வேளையில் அத்தொடுப்பு ஒரு வரிசையிலே குறித்துவைக்கப்படும். வேண்டுகோளை அனுப்பியவர் பொய்யான முகவரியைத் தந்திருப்பாராயின், இறுதி உறுதிப்பாடு ஒருபோதும் வராது. அக்காலத்திற் பரவலாக வழங்கிய பேர்க்லி வழிவந்த இயக்க முறைமைகள் சிலவற்றில் அவ்வரிசையில் எட்டுத் தொடுப்புகளுக்கே இடமிருந்தது. ஒவ்வொன்றும் 75 வினாடி காத்திருந்தது. எழுபத்தைந்து வினாடிக்கு எட்டுப் பொய்ப் பொதிகளை அனுப்பும் ஒருவன் அவ்வாயிலை முழுமையாக அடைத்துவிடலாம் என்பது இதன் பொருள்.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் மனங்கொள்ள வேண்டிய செய்தியொன்றுண்டு. வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெலோவின் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட தீச்சுவர் பற்றிய நூல் இத்துறையின் மூலநூலாகக் கொள்ளப்படுகின்றது. இத்தாக்குதலை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தனர். அதனை விளக்கும் பந்தியொன்றை எழுதியும் இருந்தனர். எனினும் அச்சேறுமுன் அதனை நீக்கிவிட்டனர். இச்செய்தியை 2007இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமொன்று பதிவுசெய்து, அடுத்த ஈராண்டுகளில் மாற்று எதுவும் உருவாக்கப்படவில்லை என்றும் வருத்தத்தோடு குறிப்பிடுகின்றது. மருந்தில்லாத நோயைப் பற்றி ஊருக்குச் சொல்லி அச்சமூட்டுவானேன் என்னும் எண்ணம் இயல்பானதே. அவர்களைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. எனினும் மௌனம் காவலாக அமையவில்லை. 1996இல் ஃபிராக் என்னும் ஊடுருவிகளின் சஞ்சிகை இத்தாக்குதலைச் செயன்முறையோடு வெளியிட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 6ஆம் நாள் நியூயோர்க்கின் பழைய இணைய சேவை நிறுவனங்களுள் ஒன்றான பனிக்ஸ் இத்தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் இடர்ப்பட்டது. செப்டெம்பர் 19இல் சேட் அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பந்தி நீக்கப்பட்ட ஈராண்டுக் காலத்தில் அறிவு மறைந்திருந்தது என்பது உண்மையே. அது யாரிடமிருந்து மறைந்திருந்தது என்பதுதான் வினா.

பனிக்ஸ் நிகழ்வுக்குப் பின் மருந்து தேடும் முயற்சி சில கிழமைகளிலேயே பலன் தந்தது என்பதும் எண்ணத்தக்கது. இருவகை மருந்துகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று தீச்சுவரின் கையில் தங்கியது. மற்றையது சேவையகத்தின் நினைவையே நீக்க முற்பட்டது.

முதலாவதனை நோக்குவோம். செக் பொயின்ற் நிறுவனம் 1996இலேயே இதற்கெனத் தன் தீச்சுவரில் ஒரு பகுதியைச் சேர்த்தது. பேர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட கட்டுரை, தீச்சுவர் செய்யக்கூடிய பணியை இருவகையாகப் பகுத்து ஆராய்ந்தது. தீச்சுவர் அஞ்சலாளாக நிற்கலாம். அஃதாவது வருபவருக்குத் தானே விடையளித்து, அவர் உறுதிப்பாடு தந்த பின்னரே சேவையகத்தோடு தொடுக்கலாம். அன்றி, வேண்டுகோளை உள்ளே விட்டு, சேவையகம் இசைவு தெரிவித்தவுடன் வருபவருக்காகத் தானே உறுதிப்பாட்டை அளித்து, உண்மை உறுதிப்பாடு குறித்த காலத்துள் வராவிடின் அத்தொடுப்பை முறித்துவிடலாம். முதன்முறையில் நேர்மையான ஒவ்வொரு தொடுப்பும் தாமதமாகின்றது. இரண்டாவதில் முடிவுறாத் தொடுப்புகள் சேவையகத்திலே சிறிது நேரம் திறந்துகிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் பொதுவான குறையொன்றுண்டு. சேவையகத்தின் சுமை தீச்சுவரின் தலைக்கு மாறியதேயன்றி நீங்கவில்லை. எட்டு இடங்கொண்ட வரிசைக்குப் பதிலாக இப்போது பல்லாயிரம் இடங்கொண்ட வரிசை. நிரப்ப வேண்டியது அதிகமாயிற்று. நிரம்பும் தன்மை மாறவில்லை. தீச்சுவர் நிரம்பினாலோ ஒரு சேவையகமன்று, அதன் பின்னுள்ள அனைத்துமே அடைபடும்.

இரண்டாவது மருந்து இக்காலப் பகுதியின் மிக நுட்பமான கண்டுபிடிப்பு என்பது எமது கருத்து. 1996 செப்டெம்பரில் டானியல் பேர்ன்ஸ்டைன், எரிக் ஷெங்க் ஆகியோர் வகுத்த இம்முறை 'சின் குக்கி' எனப்படுகின்றது. சேவையகம் வேண்டுகோளைத் தன் ஏட்டிற் குறித்துவைப்பதில்லை. குறிக்க வேண்டியதை இரகசியச் சாவியொன்றின் துணையுடன் ஓர் எண்ணாக மாற்றி, வருபவருக்கு அனுப்பும் இசைவுப் பொதியின் தொடக்க வரிசையெண்ணிலேயே பொதிந்து அனுப்பிவிடுகின்றது. அவ்வரிசையெண்ணில் 32 பிற்றுகள் உள்ளன. அவற்றுள் ஐந்து காலத்தையும், மூன்று பொதியின் உச்ச அளவையும், எஞ்சிய 24 முகவரி முதலியவற்றிலிருந்து கணிக்கப்பட்ட இரகசியக் குறியையும் தாங்கும். வருபவர் உண்மையானவராயின் நெறிமுறைப்படி அவ்வெண்ணை ஒன்று கூட்டித் திருப்பியனுப்பியே ஆகவேண்டும். அப்போது சேவையகம் மீண்டும் கணித்துப் பார்த்து, தான் கொடுத்த எண்ணே என உணர்கின்றது. பொருளை ஒப்படைப்பவர் கையிலேயே சிட்டைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் தம் ஏட்டில் ஒன்றும் எழுதாதிருத்தலை இது ஒக்கும். பொய்ச் சிட்டுடன் வருபவரைக் கடைக்காரரின் இலச்சினை காட்டிக்கொடுக்கும்.

இதற்கும் விலையுண்டு. மூன்று பிற்றுகளிலே எட்டு அளவுகளைத்தான் குறிக்கலாம். வருபவர் முதற்பொதியிற் கேட்ட ஏனைய வசதிகள் பல இழக்கப்பட்டன. ஆகவே வரிசை நிரம்பியபோது மட்டும் இம்முறையைக் கையாளுவதே வழக்கமாயிற்று. 1996 ஒக்டோபரிலே சன் இயக்க முறைமைக்கும் 1997 பெப்ரவரியிலே லினக்ஸுக்கும் இது எழுதப்பட்டது. தீச்சுவர்களுக்கு வரவோ காலம் பிடித்தது. வணிகத் தீச்சுவர்கள் சில இதனை முன்னரே ஏற்றிருந்தன எனினும், லினக்ஸின் தீச்சுவரான நெற்ஃபில்டரிலே குக்கியோடு கூடிய அஞ்சலாள் முறை இடம்பெற்றது 2013இலேயே. கண்டறிதலுக்கும் காவலனின் கைக்கு வருதலுக்குமிடையே பதினேழாண்டுகள்.

அவ்விடைவெளியிலே, வேண்டுகோளை மட்டும் காத்தால் போதாது என்பதைத் தாக்குவோர் பலவகையாலும் காட்டினர். 1999 யூலையில் லான்ஸ் ஸ்பிற்ஸ்னர் என்னும் ஆய்வாளர் ஃபயர்வோல்-1இன் நிலை அட்டவணை பற்றி வெளியிட்ட அவதானிப்பு இவ்வகையில் முதன்மையானது. அவ்வட்டவணையில் இயல்பாக 25,000 தொடுப்புகளுக்கு இடமிருந்தது. வேண்டுகோட் பொதியால் உண்டான பதிவு ஒரு நிமிடத்தில் அழிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே நடைபெறும் உரையாடலின் நடுப்பொதி போலத் தோன்றும் ஒன்று வந்து, அதற்குப் பதிவு இல்லாவிடினும் விதி இடந்தருமாயின், தீச்சுவர் புதிய பதிவொன்றை உண்டாக்கி 3,600 வினாடிக்கு வைத்திருந்தது. காவலன் இடையிலே நின்று மீண்டும் எழுந்தாலும் நடைபெறும் உரையாடல்கள் அறுந்துவிடலாகாது என்னும் நல்லெண்ணத்திற்கு இவ்வமைப்பு உதவிற்று. நாம் கணக்கிட்டுப் பார்க்குமிடத்து, 25,000 இடங்களை ஒரு மணித்தியாலத்தில் நிரப்பி நிரம்பியபடியே வைத்திருக்க வினாடிக்கு ஏழு பொதிகள் போதும். ஒவ்வொன்றும் 40 பைற்று எனக் கொண்டால், அக்காலத்தில் வீடுகளிலிருந்த தொலைபேசி மொடெத்தின் 56,000 பிற்று வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கே இதற்கு வேண்டியிருந்தது. அட்டவணையைப் பெருக்குதல், காலவரம்பைச் சுருக்குதல், விதிகளை இறுக்குதல் என்பன உடனடித் தணிப்புகளாகக் கூறப்பட்டன.

மறு ஆண்டு யூனிலே அதே தீச்சுவரிற் பிறிதொரு குறை வெளிப்பட்டது. துண்டாக்கப்பட்ட பொதிகள் பெருகி வரும்போது, அவற்றைப் பற்றிய அறிவிப்பை இயக்குநரின் திரையில் எழுதும் வேலையிலேயே மத்திய முறைவழியாக்கியின் ஆற்றல் முழுவதும் செலவாயிற்று. துண்டுகள் முழுப் பொதியாகச் சேர்வதற்கு முன்னரே இது நிகழ்ந்தமையால் எந்த விதியாலும் இதனைத் தடுக்க முடியவில்லை. கள்வனைப் பற்றி முறைப்பாடு எழுதுவதிலேயே காவலனின் பொழுது கழிந்தது என்க. தற்காலிகத் தணிப்பு எளியதாயிருந்தது: திரைக்கு எழுதுவதை நிறுத்துக.

2002 ஒக்டோபரில் சேட் அமைப்பு வெளியிட்ட குறிப்பு, இக்குறை ஒரு நிறுவனத்துக்கு உரியதன்று, நினைவுடைய தீச்சுவர்களுக்குப் பொதுவானதே என உரைத்தது. அதிற் கூறப்பட்ட தாக்குதல்களுள் ஒன்று சுவையானது. ஒவ்வொரு பொதியிலும் அதன் உள்ளடக்கம் பழுதுபடாமையை உறுதிசெய்யும் சரிபார்ப்புத் தொகை உண்டு. விரைவு கருதித் தீச்சுவர்கள் பல அதனைச் சரிபார்ப்பதில்லை. தாக்குபவன் வேண்டுமென்றே தவறான தொகையுடன் பொதியை அனுப்புகின்றான். தீச்சுவர் அதனை நம்பிப் பதிவுசெய்து உள்ளே விடுகின்றது. உள்ளிருக்கும் கணனியோ தொகை பிழையெனக் கண்டு ஓசையின்றி எறிந்துவிடுகின்றது. மறுப்பும் வருவதில்லை, இசைவும் வருவதில்லை. காவலனின் ஏட்டிலே பதிவு மட்டும் எஞ்சுகின்றது. காவலனும் வீட்டுக்காரனும் ஒரே விருந்தினனை வெவ்வேறு கண்ணால் நோக்கியமையே இங்கு வாயிலாயிற்று.

இதுகாறும் இடத்தின் எல்லையைப் பார்த்தோம். நேரத்தின் எல்லையும் தாக்கப்படலாம் என்பதை 2003இல் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்கொட் குரொஸ்பி, டான் வலாக் ஆகியோர் நிறுவினர். அட்டவணையில் ஒரு பதிவைத் தேடுவதற்கு மென்பொருள்கள் 'ஹாஷ்' எனப்படும் முறையைக் கையாளுகின்றன. பதிவுகள் பல பெட்டிகளில் ஏறக்குறையச் சமமாகப் பரம்பியிருப்பின் தேடல் விரைவாக முடியும். எப்பதிவு எப்பெட்டிக்குச் செல்லும் என்பதை முன்னறிய முடியுமாயின், தாக்குபவன் எல்லாப் பதிவுகளையும் ஒரே பெட்டியில் விழச்செய்யலாம். அப்பெட்டி நீண்டு, ஒவ்வொரு தேடலும் நெடும்பயணமாகின்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட புரோ என்பது தீச்சுவரன்று, ஊடுருவல் கண்டறியும் மென்பொருளே. தொலைபேசி மொடெத்தின் வேகத்திலும் குறைந்த அளவில் ஆறு நிமிடம் பொதிகளை அனுப்பியபோது, அது தன் போக்குவரத்தில் 71 சதவீதம் வரை தவறவிட்டது. அதே ஆண்டில் லினக்ஸின் வழித்தட நினைவகத்திலும் நெற்ஃபில்டரின் தொடுப்பு அட்டவணையிலும் இதேவகைக் குறை காணப்பட்டுத் திருத்தப்பட்டது. பெட்டியைத் தீர்மானிக்கும் கணிப்பிலே ஒவ்வொரு கணனியும் தனக்கெனத் தெரிந்த இரகசிய எண்ணொன்றைச் சேர்ப்பதே திருத்தத்தின் சாரம். பின்னர் 2012இல் இத்தேவைக்கெனவே சிப்ஹாஷ் என்னும் உறுதியான கணிப்பு முறை வகுக்கப்பட்டு, காலப்போக்கில் லினக்ஸின் கருவிலும் இடம்பெற்றது. அதனை வகுத்த இருவருள் ஒருவர், பதினாறாண்டுகளுக்கு முன் சின் குக்கியை வகுத்த பேர்ன்ஸ்டைனே. இரண்டு மருந்துகளின் மூலிகையும் ஒன்றே என்பதைக் காண்கையில் இது வியப்பன்று: தாக்குபவன் அறியாத ஓர் இரகசியம், சிறிதளவு கணிப்பு.

காவலனின் மென்பொருளிலுள்ள பிழையே உயிர்நிலையாகத் தாக்கப்பட்டமைக்கு 2004 மார்ச்சில் தோன்றிய விற்றி புழுவைச் சுட்டலாம். தீச்சுவர் மென்பொருள் ஒன்றின் குறை அறிவிக்கப்பட்ட மறுநாளே அது வெளிவந்து, முக்கால் மணித்தியாலத்தில் ஏறத்தாழ 12,000 கணனிகளைப் பற்றி, அவற்றின் வட்டுகளைச் சிறிது சிறிதாக அழித்தது. காவல் வைத்திருந்தோரே அதற்கு இரையாயினர்.

இனித் தணிப்பின் நேர்மை பற்றிய வினாவுக்கு வருவோம். அட்டவணை நிரம்பாதிருக்க எளிய வழி, பதிவுகளை விரைவில் மறத்தலாகும். நிரம்ப நிரம்பக் காலவரம்பைச் சுருக்கும் முறைகள் பல தீச்சுவர்களில் இடம்பெற்றன. ஆயின் யாரை மறப்பது? தாக்குபவனின் பொய்ப் பதிவும், மெதுவான இணைப்பிலிருந்து ஓர் ஆய்வாளர் திறந்துவைத்து நீண்ட நேரம் சும்மா விட்டிருக்கும் தொடுப்பும் ஏட்டிலே ஒரே தோற்றமுடையன. இரண்டும் பேசாதிருக்கின்றன. காலவரம்பைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் இவ்விரண்டாமவரும் அறுத்தெறியப்படுகின்றார். இதனாற் போலும் அளவுகள் பெரிதும் வேறுபட்டன. ஒரு தீச்சுவர் ஒரு மணித்தியாலம் நினைத்திருந்தது; லினக்ஸ் ஐந்து நாள் நினைத்திருந்தது. முகவரி மாற்றும் சாதனங்களுக்கென 2008இல் வெளியான நெறிமுறை ஆவணம், நிலைபெற்ற தொடுப்பை 2 மணித்தியாலம் 4 நிமிடத்துக்கு முன் மறத்தலாகாது என விதித்தது. உயிரோடிருக்கின்றாயா என இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வினவுதல் நெறிமுறையில் முன்பே அமைந்திருந்தமையால், அதற்கு நான்கு நிமிடம் கூட்டப்பட்டது. நேர்மையாளருக்கு இத்துணை காலம் வேண்டும். அத்துணை காலமும் தாக்குபவனுக்கும் கிடைக்கின்றது. பொய் முகவரிப் பொதிகளைத் தோன்றுமிடத்திலேயே இணைய சேவை நிறுவனங்கள் தடுக்கவேண்டுமென 1998இலும், திருத்திய வடிவில் 2000இலும் பரிந்துரைக்கப்பட்டது. அஃது எங்கும் நிறைவேறியிருப்பின் காவலனின் சுமை பெரிதும் குறைந்திருக்கும். ஆனால் வடிகட்டுபவர் செலவேற்க, பயன்பெறுபவர் பிறராக இருந்தமையின் அது எங்கும் நிறைவேறவில்லை.

வன்பொருளின் வேகம் பெருகியதால் இக்குறைகள் தாமே மறையும் என எதிர்பார்த்தோர் 2016 நவம்பரில் ஏமாற்றமடைந்தனர். டென்மார்க்கின் தொலைத்தொடர்பு நிறுவனமொன்றின் பாதுகாப்புக் குழு, 'வாயில் எட்டமுடியாதது' என அறிவிக்கும் ஐ.சீ.எம்.பீ. பொதிகளால் சில வணிகத் தீச்சுவர்களின் முறைவழியாக்கி முற்றும் மூழ்குவதைக் கண்டறிந்தது. இதற்கு வினாடிக்கு 15 முதல் 18 மெகாபிற்று போதுமாயிருந்தது. பொதிக் கணக்கில் வினாடிக்கு 40,000 முதல் 50,000 வரை. ஆயிரம் மெகாபிற்று இணைப்பின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் இது குறைவு. இவ்வகைப் பொதியை முற்றாகத் தடுத்துவிடலாமே எனில், அதிலும் இடருண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த பிறிதோர் அறிவிப்பே, வழியிலுள்ள பொதியளவின் எல்லையை அனுப்பியவருக்கு உணர்த்துவது. அதனையும் சேர்த்து அடைப்பின் பெரிய பொதிகள் காரணந் தெரியாமற் காணாமற்போகும். ஆகவே எவ்வகையை, எவ்வளவு, எவரிடமிருந்து ஏற்பது எனப் பிரித்து அளவிடுதலே தக்க தணிப்பாயிற்று.

இவையெல்லாம் கணனியியலாரின் உள்வீட்டு வழக்கே என எண்ணுவோருக்கு 2019இன் நிகழ்வொன்று விடையாகின்றது. அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள், அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்னுற்பத்தி செய்யும் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு நிலையம், தொலைவிலுள்ள உற்பத்தித் தலங்களோடு கொண்டிருந்த தொடர்பை இடையிடையே இழந்தது. ஒவ்வோர் இழப்பும் ஐந்து நிமிடத்திலும் குறைந்தது. ஆனால் ஏறத்தாழப் பத்து மணித்தியாலம் அது திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. எல்லையில் நின்ற தீச்சுவர்களே காரணம். அவற்றின் மென்பொருளில் இருந்த குறையொன்றைப் பயன்படுத்தி, அனுமதி எதுவும் பெறாத வெளியாளொருவர் அவற்றை மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்யவைத்தார். மின்னுற்பத்தி குன்றவில்லை. எனினும் அச்சிறு இடைவெளிகளிலே இயக்குநர்கள் தாம் இயக்கும் பொறிகளைக் காணமுடியாதிருந்தனர்.

வட அமெரிக்காவின் மின் நம்பகத்தன்மைக் கூட்டுத்தாபனம் அவ்வாண்டு செப்டெம்பரில் இதிலிருந்து கற்றவற்றை வெளியிட்டது. அவ்வறிக்கையைப் படிப்போர் அதிநுட்பமான புதுத் தாக்குதலை எதிர்பார்ப்பின் ஏமாற்றமடைவர். குறை முன்னரே அறியப்பட்டது. திருத்தமும் உற்பத்தியாளரால் முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அது தீச்சுவர்களில் ஏற்றப்படாமலிருந்தது, அவ்வளவே. 1994இல் நோய் தெரிந்தும் மருந்தில்லாமையால் ஒரு பந்தி நீக்கப்பட்டது. 2019இல் மருந்து அலமாரியிலேயே இருந்தது. திருத்தம் கிடைத்ததும் எல்லாவற்றிலும் ஒரேயடியாக ஏற்ற அந்நிறுவனம் துணியவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. திருத்தமே பிழையாகி மின்வலையமைப்பை இருட்டாக்குமாயின் என்னும் அச்சம் நியாயமானதே. முதலில் இன்றியமையாமை குறைந்த ஓரிடத்திலுள்ள தீச்சுவரில் அது ஏற்றிப் பார்க்கப்பட்டது. தீங்கில்லையெனக் கண்டபின் உற்பத்தித் தலமொன்றில் ஏற்றப்பட்டு அவதானிக்கப்பட்டது. அதன் பின்னரே ஏனைய தலங்களுக்கு அது சென்றது.